வல்லரசும் அயல்நாடும், இடையில் நாமும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வல்லரசுகளையும் அவற்றின் அயல்நாடுகளையும் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் பணித்தார். சர்வகலாசாலை மாணவர்களுக்கு இது கைவந்த பொருள். அமெரிக்காவையும் கியூபாவையும், ருசியாவையும் பின்லாந்தையும் பற்றி நாலு புத்தகத்தைப் புரட்டி ஒரு மணி நேரம் ஒப்புவித்துவிடலாம். ஆனால் எல்லயிலே, தோட்டங்களின் நடுவிலே இருந்துகொண்டு அப்படிப் பேசுவது, வீட்டுக் கூரை ஒழுகும்போது ஊரார் கூரையை ஆராய்வதாகும். வல்லரசுக்கும் அயல்நாட்டுக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கலில் தராசுத் தட்டிலே வைக்கப்பட்ட மக்கள் நாம். ஆகவே நம்முடைய கதையையே பேசுவோம். உலகக் கதையை வேண்டிய அளவுக்குத் தொட்டுக்கொள்வோம்.

அயலான் பலசாலியாய் இருப்பதால் வரும் தொல்லை இன்று நேற்றுத் தோன்றியதன்று. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு வேதபாட வகுப்பில் நாபோத்தின் கதையைச் சொல்லிக் கொடுத்தார்கள். அரண்மனைக்கு அருகே அவனுக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அந்த இடத்தில் கீரைத் தோட்டம் போட ஆகாப் அரசனுக்கு ஆசை. மாற்று நிலம் தருவதாகச் சொன்னான், விலை தருவதாகவும் சொன்னான். பிதிரார்ஜிதத்தைத் தரமாட்டேன் என்றான் நாபோத். முடிவில் பொய்ச்சாட்சி வைத்து அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். நமது பாரதத்திலும் ஐந்து ஊர் கேட்டவர்களுக்கு ஊசி குத்தும் இடமும் இல்லை என்று சொல்லப்பட்டது. அது பங்காளிச் சண்டை, அயலார் சண்டையன்று எனப் பெரியவர்கள் திருத்தக்கூடும், திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறோம். பங்காளியாகவும் அயலானாகவும் ஒருவனே இருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இனிப் பார்க்கப்போகிறோம்.

கௌடில்யர் தமது அர்த்தசாஸ்திரத்தில் இதற்கு ஒரு சூத்திரமே வகுத்தார். எல்லையை ஒட்டிய அரசன் இயல்பாகவே பகைவன். அவனுக்கு அப்பால் இருப்பவன் இயல்பாகவே நண்பன். இதனை மண்டலக் கொள்கை என்பர். சின்ன நாடுகள் அர்த்தசாஸ்திரத்தைப் படிப்பதில்லை. ஆனால் அதன்படியே நடக்கின்றன. பெரிய நாடுகளோ சட்டம் எழுதி நடத்துகின்றன. 1823இல் அமெரிக்க ஜனாதிபதி மன்றோ, அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பியர் இனித் தலையிடக்கூடாது என்று அறிவித்தார். கேட்பதற்கு அயலாருக்குக் காவல்போலத் தோன்றும். 1901இல் அதே அமெரிக்கா, கியூபாவில் தான் தலையிடும் உரிமையைக் கியூபாவின் அரசியலமைப்பிலேயே எழுதவைத்தது. அந்த ஏற்பாடு 1934 வரை நின்றது. குவாந்தனாமோவிலுள்ள கடற்படைத் தளம் இன்றும் நிற்கிறது. பத்திரத்திலே கையெழுத்துகள் இரண்டு. பேனாவைப் பிடித்த கையோ ஒன்று.

இந்த ஊவா மண்ணும் அத்தகைய பத்திரமொன்றை அறியும். 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி கண்டிப் பிரதானிகளும் தேசாதிபதி பிரவுன்றிக்கும் கண்டி உடன்படிக்கையைச் செய்தார்கள். மதத்தையும் பிரதானிகளின் உரிமைகளையும் காப்பதாக ஆங்கிலேயர் வாக்களித்தனர். மூன்று ஆண்டு செல்லுமுன் ஊவாவும் வெல்லஸ்ஸவும் கிளர்ந்தெழுந்தன. அடக்கப்போன ஊவாத் திசாவை கெப்பெட்டிப்பொலையே கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துகொண்டார். வயலும் வீடும் எரிக்கப்பட்டன. 1818 நவம்பரில் புதிய பிரகடனம் ஒன்று வந்து, மூன்று ஆண்டுக்கு முன் கொடுத்த வாக்கின் பெரும்பகுதியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. அதே மாதத்தில் கெப்பெட்டிப்பொலை சிரச்சேதம் செய்யப்பட்டார். பின் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. உரிமைப்பத்திரம் காட்ட இயலாத நிலமெல்லாம் முடிக்குரியதாகி, முடியிடமிருந்து தோட்டக்காரத் துரைமாருக்குப் போயிற்று.

இதை ஏன் சொல்லுகிறோமென்றால், நம் பாட்டன்மாரைக் கங்காணிமார் அழைத்துவந்தது அந்த நிலத்துக்கு. கோப்பி நட வந்தார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழியத் தொடங்கியபின் தேயிலை நட்டார்கள். பண்டாரவளைக்கு 1894இல் வந்த இரயில் பாதை எல்லயையும் தெமோதரையையும் கடந்து 1924இல் பதுளையை அடைந்தது. அதன்பின் இங்கிருந்து கொழுந்து பெட்டியாய்ப் போக வழி எளிதாயிற்று. இன்று வெளிநாட்டுப் பிள்ளைகள் தண்டவாளத்தில் நின்று படம் பிடிக்கும் ஒன்பது வளைவுப் பாலம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. ஊவாவின் சிங்களக் கிராமத்தான் தன் காட்டையும் சேனையையும் இழந்தவன். அவன் கண்ணுக்கு வெள்ளைக்காரனும் தெரிந்தான், வெள்ளைக்காரனின் பின்னால் வந்த நாமும் தெரிந்தோம். நாம் ஒரு காணித் துண்டும் பெறவில்லை என்பது அவனுக்குத் தெரிய நியாயமில்லை. இந்த மனத்தாங்கலை மறந்துவிட்டுப் பின்வந்த அரசியலைப் பேசினால் பாதி உண்மையே பேசியவர்கள் ஆவோம்.

இனி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவோம். ஒன்று கண்டம்போன்ற நாடு. மற்றது அதன் காலடியில் உள்ள தீவு. தீவின் பெரும்பான்மையோருக்கு வடக்கே இருந்து வருவது எதுவும் அச்சமே. 993இல் சோழர் அநுராதபுரத்தைக் கொண்டதும், 1070 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்டதும் நமக்குப் பெருமைக் கதை. அவர்களுக்குப் படையெடுப்புக் கதை. இராஜராஜன் பெயரை மேடையில் முழங்கும் நம் இளைஞர்கள், அந்த முழக்கம் பக்கத்துக் கிராமத்தில் எவ்வாறு கேட்கும் என்று ஒருமுறை எண்ணிப்பார்ப்பது நன்று.

அந்த அச்சம் நம் காலத்துக்கு முன்னரே அரசியலாக மாறிவிட்டது. 1939இல் இலங்கை அரசாங்கம் தன் இலாகாக்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியத் தொழிலாளரை நீக்கியது. சமாதானம் பேச ஜூலை மாதம் ஜவகர்லால் நேரு வந்தார். சமாதானம் ஏற்படவில்லை, இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏற்பட்டது. ஆகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து இந்திய அரசாங்கம் இலங்கைக்குக் கூலித்தொழிலாளர் வருவதைத் தடைசெய்தது. 1940இலும் 1941இலும் இருநாட்டுப் பிரதிநிதிகளும் கூடிப் பேசிப் பிரிந்தனர். சுதந்திரம் வரும் தறுவாயில், 1947 நவம்பரில், இலங்கை பிரித்தானியாவோடு பாதுகாப்பு உடன்படிக்கை செய்து திருகோணமலையில் ஆங்கிலக் கப்பற்படையை இருத்திக்கொண்டது. போன எசமானையே வாசற்காவலுக்கு வைத்தது ஏன்? பக்கத்து வீட்டை எண்ணித்தான். கௌடில்யரின் சூத்திரம் எழுத்துப் பிசகாமல் நடந்தது. 1952இல் சீனாவுடன் செய்த இறப்பர் அரிசி ஒப்பந்தமும், அரிசிக் கஷ்டத்தால் பிறந்ததாயினும், அப்பால் உள்ளவனோடு நட்புக்கொள்ளும் அந்த வழியிலேயே சென்றது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் 95 ஆசனங்களில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு 7 கிடைத்தன. பதுளையும் அவற்றுள் ஒன்று. அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதன்படி இங்கே பிறந்தால் மட்டும் போதாது; தகப்பனாரும் இங்கே பிறந்திருக்கவேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்கவேண்டும். பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத தோட்டத்திலே பூட்டனின் பத்திரத்துக்கு எங்கே போவது? 1949இல் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, பதிந்துகொள்ளலாம் என்றது. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கடைசியில் பதியப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். அதற்குள் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்ட மக்களின் பிரதிநிதி ஒருவரும் பாராளுமன்றம் செல்லவில்லை. சத்தியாக்கிரகம் செய்தார்கள், ஓட்டு வரவில்லை.

இந்தியா என்ன சொன்னது? பல தலைமுறை அங்கே உழைத்தவர்கள் இலங்கையின் மக்களே, இந்தியர் என்று அவர்களைத் தானாக ஏற்றுக்கொள்ளமுடியாது என்றார் நேரு. 1954இல் நேருவும் சேர் ஜோன் கொத்தலாவலையும் ஒப்பந்தம் செய்தார்கள். அதுவும் முடிச்சை அவிழ்க்கவில்லை. நேருவின் நிலை நியாயமானதே. சொந்த நாட்டுச் சட்டத்தால் பிரஜையானவனை மற்றொரு நாட்டின் தலையில் கட்டுவது தவறு என்று நாமும் சொல்லுவோம். ஆனால் நியாயமும் நீண்டகாலம் தவணையில் கிடந்தால் வட்டியை யாராவது கட்டவேண்டும். கொழும்பு எம்மவரல்லர் என்றது. டில்லியும் எம்மவரல்லர் என்றது. இரண்டு சட்டப் புத்தகங்களுக்கும் இடையே உள்ள வெற்றுத்தாளில் பத்து இலட்சம் பேர் வாழ்ந்தார்கள். நாடற்றவர் என்னும் சொல் அப்பொழுதுதான் லயத்துக்குள் வந்தது. நமது பாட்டிமார் அந்தச் சொல்லை உச்சரிக்குமுன்பே அதை அனுபவித்துவிட்டார்கள்.

1964ஆம் ஆண்டை நாம் சற்று நின்று பார்க்கவேண்டும். மே 27ஆம் திகதி நேரு மறைந்தார். லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானார். 1962இல் சீனாவோடு நடந்த போரில் இந்தியா பட்ட காயம் ஆறியிருக்கவில்லை. அந்தப் போருக்குப்பின் இருவருக்கும் இடையே மத்தியஸ்தம் செய்யச் சார்பற்ற நாடுகளைக் கொழும்பிலே கூட்டியவர் நமது பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா. 1964 ஒக்டோபர் 16ஆம் திகதி சீனா தனது முதலாவது அணுகுண்டை வெடித்தது. இரண்டு வாரம் கழித்து, ஒக்டோபர் 30ஆம் திகதி, டில்லியிலே சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. குண்டு வெடித்ததனால்தான் ஒப்பந்தம் வந்தது என்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் அத்தகைய வேளையிலே அயல்நாட்டின் நல்லெண்ணம் டில்லிக்கு எவ்வளவு விலையுயர்ந்த சரக்காயிருந்திருக்கும் என்பதை ஊகிக்க ராஜதந்திரம் படித்திருக்க வேண்டியதில்லை.

விலை என்ன? நாடற்றவர் தொகை 9,75,000 என்று கணக்கிட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது. பதினைந்து ஆண்டில் எல்லாம் முடியவேண்டும். ஏழு பேருக்கு நான்கு பேர் என்ற விகிதம். ஒரு பக்கத்தில் அனுப்பும் வேகத்துக்குத் தக்கபடியே மற்றப் பக்கத்தில் பிரஜாவுரிமை. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகளும் இவ்வளவு சீராகக் கொழுந்து நிறுத்திருக்கமாட்டார்கள்.

ஒப்பந்தத்தின் சொற்களைக் கவனியுங்கள். 5,25,000 பேர் “இயற்கைப் பெருக்கத்துடன்” என்று அதில் வருகிறது. இயற்கைப் பெருக்கம் என்றால் என்ன? பிறக்கப்போகும் பிள்ளைகள். நமுனுகுலையிலோ மடுல்சீமையிலோ ஒரு தாயின் வயிற்றில் இன்னும் கருவாகாத குழந்தையை டில்லியிலே மேசைமீது வைத்துப் பிரித்தார்கள். மற்றொரு சொல், திருப்பி அனுப்புதல். திரும்புவதென்றால் முன்னே அங்கிருந்து வந்திருக்கவேண்டும். அனுப்பப்பட்டவர்களுள் மிகப் பலர் இந்தியாவைக் கண்ணாற் கண்டதில்லை. திருச்சியையும் புதுக்கோட்டையையும் பாட்டனார் வாயால் கேட்டதோடு சரி. ஊழியர் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் கொண்டுபோகலாம், ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய உச்ச அளவை 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்கமாட்டோம் என்றும் எழுதியிருந்தது. மூன்று தலைமுறை மலையேறி இறங்கிய கணக்கை முடிக்க வகுத்த எல்லை அது. ஒப்பந்தத்தில் தோட்ட மக்களின் பிரதிநிதி எவருடைய கையெழுத்தும் இல்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வல்லரசு என்றதும் அது சிறியதை அடித்துப் பறிக்கும் என்றே எண்ணுகிறோம். 1964இல் நடந்தது அதுவன்று. பெரிய நாடு சிறிய நாட்டுக்கு விட்டுக்கொடுத்தது! இலங்கையில் அதை வெற்றி என்று மெச்சினார்கள். ஒரு வகையில் வெற்றிதான். ஆனால் விட்டுக்கொடுத்தவன் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கவில்லை. 1974இலும் அப்படியே. மீதி 1,50,000 பேரை இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்தார்கள். அதே ஆண்டு கச்சதீவும் இலங்கையின் பக்கம் வந்தது. அதனால் இராமேசுவரத்து மீனவரின் மனம் வெந்தது. இங்கே நம்மவரின் மனம் வெந்தது. இரண்டு தலைநகரங்களிலும் உறவு வளர்ந்தது. பெரிய நாடு சிறிய நாட்டுக்கு அன்பு காட்டும்போது, அந்த அன்பின் செலவு எந்த ஏழையின் கணக்கில் எழுதப்படுகிறது என்று பார்ப்பதுதான் சரித்திர மாணவனின் வேலை என்று நமக்குத் தோன்றுகிறது. சிறிய நாடும் சும்மா இருக்கவில்லை. பெரியவனைக் கண்டு தனக்கிருந்த அச்சத்தைத் தன்னிலும் சிறியவன்மேல் இறக்கிவைத்தது. வெளியே சிறுபான்மை, உள்ளே பெரும்பான்மை. இந்த இரட்டை வேடம் உலகில் வேறு நாடுகளிலும் உண்டு.

ஒப்பந்தம் தாளிலே ஓடியதுபோல மலையிலே ஓடவில்லை. இங்கேயே இருக்கவேண்டும் என்று விண்ணப்பித்தவர்கள் 3,00,000 என்னும் வரம்புக்கு மிக மேலே போனார்கள். இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்களோ வகுத்த தொகையை எட்டவில்லை. விகிதத்துக்கு மனிதர் பொருந்தாதபோது விகிதத்தை மாற்றுவதே வழக்கம் என்று எண்ணுவீர்கள். விகிதம் மாறவில்லை, காலம் மனிதரை மாற்றியது. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம், தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977இல் வன்செயல். போகமாட்டேன் என்றிருந்தவனும் பாஸ்போட்டுக்குக் கையெழுத்து வைத்தான். தகப்பனுக்கு இந்தியா, மகனுக்கு இலங்கை என்று ஒரே லயக் காம்பராவில் இரண்டு நாடுகள் குடியிருந்தன.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். 1914 முதல் கப்பல் போய்ச் சேர்ந்த தனுஷ்கோடி, ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதத்துக்குள் வந்த டிசம்பர்ப் புயலில் அழிந்துபோயிருந்தது. பின் மண்டபம் முகாம். அங்கிருந்து நூல் ஆலைகளுக்கும், கடன் பெற்றுச் சிறு வியாபாரத்துக்கும், நீலகிரிக்கும். கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் இவர்களுக்காகவே தமிழ்நாட்டு அரசாங்கம் தேயிலைத் தோட்டங்கள் போட்டது. டான்டீ என்று பின்னர் பெயர் பெற்ற அந்தத் தோட்டங்களில், பதுளைப் பக்கத்துத் தொழிலாளி மறுபடியும் கொழுந்தே பறித்தான். இங்கே இருந்தவரை இந்தியாக்காரன். அங்கே போனபின் சிலோன்காரன். இரண்டு அரசாங்கங்களும் ஒருமித்துக் கொடுத்த பட்டம் வேறொன்றும் அவனுக்கு இல்லை.

1981இல் ஒப்பந்தக் காலம் முடிந்தது. இனி அது தன்னைக் கட்டுப்படுத்தாது என்றது இந்தியா. 1984இல் யுத்தத்தால் கப்பலும் நின்றது. இந்தியப் பிரஜைகளாய்ப் பதியப்பட்டும் போகமுடியாதவர்கள் இங்கேயே தங்கினர். 1986இல் தைப்பொங்கலன்று தோட்டங்களில் பிரார்த்தனை இயக்கம் தொடங்கியது. காலையில் வேலைக்கு இறங்காமல் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தார்கள், கொழுந்து முற்றியது. அந்த ஆண்டே நாடற்றவருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 1988இல் மற்றொரு சட்டம். 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம். டில்லியும் கொழும்பும் நாற்பது ஆண்டு எழுதிய கடிதங்களால் ஆகாதது, பெரட்டுக்களத்தில் கற்பூரம் ஏற்றி உட்கார்ந்தவர்களால் ஆயிற்று. யுத்தம் நடந்த வேளையில் மலையகத்தையும் இழக்க அரசாங்கம் விரும்பவில்லை என்பதும் ஒரு காரணந்தான். அதற்காகப் பெரட்டுக்களத்தின் பங்கைக் குறைக்க நாம் ஆயத்தமாயில்லை.

விட்டுக்கொடுத்த அதே வல்லரசு நெருக்கவும் அறியும். 1987 ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் அனுமதியின்றி யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. ஜூலை 29இல் ஒப்பந்தம். அதனோடு பரிமாறிய கடிதங்களில் திருகோணமலை எண்ணெய்க் குதங்களைப் பற்றியும், அந்நிய வானொலிகளைப் பற்றியும், இந்தியாவுக்குத் தீங்காகத் துறைமுகங்களை விடுவதில்லை என்றும் எழுதியிருந்தது. தமிழருக்காகச் செய்த ஒப்பந்தத்தில் எண்ணெய்க் குதம் எப்படி வந்தது என்று யாரும் கேட்கலாம். அமைதிப் படை 1990 மார்ச்சில் திரும்பிப்போயிற்று. அந்தக் காலத்தின் துயரை வடக்கிலுள்ளோர் சொல்ல நாம் கேட்பதே முறை.

மற்ற அயலாரையும் ஒரு கணம் நோக்குவோம். 1989இல் வர்த்தக உடன்பாடு தீர்ந்ததும் நேபாளத்தின் எல்லைப் பாதைகள் பெரும்பாலும் அடைக்கப்பட்டு, காத்மாண்டுவில் மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்றது. 1949ஆம் ஆண்டு உடன்படிக்கை பூட்டானை வெளிவிவகாரத்தில் இந்தியாவின் ஆலோசனைப்படி நடக்கச் சொன்னது. 2007இல் அந்த வாசகம் எடுக்கப்பட்டது. ஆனால் நம்மை மிகவும் சிந்திக்கவைத்தது வங்காளதேசத்து எல்லை. அங்கே ஒரு நாட்டின் நிலத்துண்டு மற்ற நாட்டின் வயிற்றுக்குள் கிடந்தது. அப்படி 162 துண்டுகள். அங்கிருந்தவர்களும் ஏறத்தாழ நாடற்றவர்களே. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் மற்றவன் நாட்டில். 2015இல் இரு நாடுகளும் அவற்றை மாற்றிக்கொண்டபோது, எந்த நாட்டுப் பிரஜையாக இருக்க விருப்பம் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். ஏழுக்கு நான்கு என்று எதுவும் முன்கூட்டி எழுதிவைக்கவில்லை. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் இடம்பெயர்ந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. மற்றவர் எல்லோரும் தாம் நின்ற மண்ணையே கேட்டார்கள். 1964இலும் விண்ணப்பம் கேட்டார்கள் என்று சிலர் வாதிக்கலாம். கூடையின் அளவைத் தீர்மானித்தபின் கேட்ட விண்ணப்பம் அது. வல்லரசும் அயல்நாடும் மனம்வைத்தால் மனிதரைக் கேட்டுச் செய்யமுடியும் என்பதற்கு 2015 சாட்சி. நமக்கு அது ஐம்பத்தோரு ஆண்டு தாமதமான சாட்சி.

அதன் விளைவைத் தொகையிலும் காணலாம். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7,80,000. நாட்டின் மக்களில் நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல். 2012இல் ஏறத்தாழ 8,39,000. நூற்றுக்கு நான்கு சொச்சம். இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டவர்களும் உண்டு என்பதால் இந்தக் கணக்கு முழுக் கணக்கன்று. ஆயினும் அறுபத்தாறு ஆண்டில் ஒரு சமூகம் நின்ற இடத்திலேயே நிற்குமானால், வளர்ச்சி எங்கே போயிற்று என்பதற்கு நீலகிரிதான் விடை சொல்லவேண்டும். 1983க்குப்பின் அகதிகளாய்ப் போனோருள்ளும் நம்மவர் உண்டு. 2019இல் இந்தியா தன் பிரஜாவுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கே வழி திறந்தது. இலங்கையின் பெயர் அதில் இல்லை.

இப்பொழுது காற்று வேறு திசையில் வீசுகிறது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகையில் சீனக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அதே ஆண்டு மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட்டுக்கு வந்து தோட்ட மக்கள்முன் பேசினார். முன்னர் அறிவித்த 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் தருவதாகச் சொன்னார். 2022இல் நாடு பெட்ரோலுக்கும் மருந்துக்கும் தவித்தபோது இந்தியா ஏறத்தாழ 400 கோடி அமெரிக்க டொலருக்கு உதவியது. நமது ஊவாவிலும் இந்திய வீடுகள் எழுந்திருக்கின்றன. லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போன குடும்பத்தின் முகத்தைப் பார்த்தவர் எவரும் அந்த உதவியைக் குறை சொல்லமாட்டார். நாமும் சொல்லவில்லை, நன்றியோடு வாங்குவோம். ஆனால் வீடு இந்தியாவினது. அது நிற்கும் ஏழு பேர்ச்சஸ் காணி இந்த நாட்டினது. சுவர் எழுந்தபின் உறுதிப்பத்திரம் கையில் வந்ததா என்று கேட்கவேண்டிய இடம் கொழும்பும் பதுளைக் கச்சேரியுமேயன்றி டில்லியன்று. அங்கே போய்க் கேட்டால், 1964இல் எந்த மேசைமேல் நம்மை வைத்தார்களோ அந்த மேசையில் நாமே ஏறி உட்கார்ந்தவர்கள் ஆவோம். இதிலே பெரியவர்கள் சிலருக்கு நம்மோடு கருத்து வேற்றுமை உண்டு என்பதை அறிவோம். தாய்நாடு என்று அவர்கள் சொல்லும்போது குரல் தழதழக்கிறது. காசிக்கும் பழனிக்கும் யாத்திரை போகும் மனம் வேறு, பிரஜாவுரிமை வேறு என்றே நாம் கொள்ளுகிறோம். கூட்டம் முடிந்தபின் தேநீர் வேளையில் வாதிக்கலாம்.

கடைசியாகச் சங்கத்தின் சார்பில் ஒரு வேண்டுகோள். இந்தச் சரித்திரத்தின் மூலப் பத்திரங்கள் கொழும்பு அலுவலகங்களில் மட்டும் இல்லை. உங்கள் வீட்டுத் தகரப் பெட்டிகளில் இருக்கின்றன. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிந்த சான்றிதழ், விண்ணப்பம் தள்ளுபடியான கடிதம், பயன்படுத்தாமற்போன இந்தியப் பாஸ்போட்டு, துண்டு, செக்றோல் நகல், மண்டபத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் உறவினர் எழுதிய கடிதம், எதுவானாலும் சரி. கறையானும் மழையும் அவற்றைத் தின்றுகொண்டிருக்கின்றன. வாசிகசாலையில் ஓர் இரும்பு அலமாரி ஒதுக்கித் தரச் செயலாளர் இசைந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவந்தால் நம் இளைஞர்கள் படம் எடுத்துக்கொண்டு மூலத்தை அன்றே திருப்பித் தருவார்கள். வைத்துப் பாதுகாக்கும்படி சொன்னால் ரசீது கொடுத்து வைத்துக்கொள்வார்கள். எழுத்து மங்கியிருந்தால் நீங்களாகவே மையால் எழுதித் திருத்தவேண்டாம். கடிதங்களின் உறைகளையும் எறிந்துவிடாதீர்கள். முத்திரையின்மேல் விழுந்த தபால் அடையாளத்தில் ஊரும் திகதியும் இருக்கும்.